ஐம்பது செல்கள்

நர்ஸ் இல்லைங்க. கழுத்துல தொங்கற இந்த அட்டையைப் பார்த்துட்டு எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. ரயில்ல ஏறி உட்கார்ந்தா யாராவது ஒருத்தர் மாத்திரைச் சீட்டை நீட்டி இது எதுக்குன்னு கேப்பாங்க. எனக்கு மாத்திரை பத்தி ஒண்ணும் தெரியாது. நோயாளி முகத்தையே நான் பார்த்ததில்ல. லேப். அதுலயும் கையில ஊசி குத்தி ரத்தம் எடுக்கற இடம் கீழ்த்தளம், நான் மூணாவது மாடி. ரத்தம் சின்னக் குப்பியில வரும். பேரு ஒட்டியிருக்கும், வயசு போட்டிருக்கும். அவ்வளவுதான் எனக்கும் அவங்களுக்கும் பழக்கம்.

இருபத்தொன்பது வருஷமா எண்ணற வேலை. ரத்தத்தை மூணு நாள் சூட்டுப்பெட்டியில வச்சு வளர்ப்போம், அதைக் கல்ச்சர்னு சொல்வோம். செல் ரெண்டாப் பிரியற நேரம் பார்த்து நிறுத்தி, கண்ணாடியில சொட்டு விட்டு, சாயம் ஏத்தி, மைக்ராஸ்கோப்புல வச்சா குரோமோசோம் தெரியும். ஊதா நிறத்துல, குட்டிக் குட்டிப் புழு மாதிரி. ஒரு செல்லுக்கு நாற்பத்தாறு. அது முழுசா இருக்கா, உடைஞ்சிருக்கான்னு பார்க்கணும். ஒரு ஆளுக்கு ஐம்பது செல். பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டா என் வேலை முடிஞ்சுது.

உடையும்ங்க. எல்லாருக்கும் உடையும். உங்களுக்கும் எனக்கும் இப்ப, இப்படி உட்கார்ந்து பேசிட்டிருக்கும்போதே, உள்ள அடிபட்டுக்கிட்டேதான் இருக்கும். வெயில் வேணாம், புகை வேணாம், சும்மா மூச்சு விட்டுச் சோறு தின்னாலே போதும். ஒரு செல்லுல ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல அடி. ஆனா அடிபட்ட இடத்தை அப்பப்ப சரி பண்ண உள்ளுக்குள்ளயே ஏற்பாடு இருக்கு. அதனால நமக்குத் தெரியறதில்ல. சில பிள்ளைங்களுக்கு அந்த ஏற்பாடு பிறவியிலேயே பழுது. அடிபட்டது அடிபட்டபடி கிடக்கும். உடைஞ்ச முனை சும்மா இருக்காது, பக்கத்துல இருக்கற வேற எதோடயாவது போய் ஒட்டிக்கும். முதல்ல ரத்தம் ஊறறது குறையும். அப்புறம் வளர வளர, வாயிலயோ தொண்டையிலயோ புத்துநோய் வரும். ஃபேன்கோனி அனீமியான்னு பேரு. சந்தேகம் வந்தா எங்க லேபுக்கு அனுப்புவாங்க. நாங்க அந்த ரத்தத்துல ஒரு மருந்தைக் கலந்து வேணும்னே அடி கொடுப்போம். நல்ல செல் எந்திரிச்சு உட்கார்ந்துக்கும். இவங்களோடது நொறுங்கிப் போயிரும்.

ஏன் சொல்றேன்னா, எங்க வீட்டுலயே இருக்கு. அதுக்குத்தான் இப்ப மதுரைக்குப் போறேன்.

எனக்கு ஒரு அண்ணன், ஒரு அக்கா. அண்ணன் தனுஷ்கோடி, அக்கா ராஜாமணி. நான் கடைசி, சொர்ணலதா. ரெண்டு பேரும் ராஜபாளையத்துல பக்கத்துப் பக்கத்துத் தெரு. நான் மட்டும் சென்னையில, ஆஸ்பத்திரி குடியிருப்புல. கல்யாணம் பண்ணிக்கல. பண்ணிக்கக் கூடாதுன்னு இல்ல, வந்த இடமெல்லாம் வேலையை விடச் சொன்னாங்க, அப்புறம் வரவே இல்ல. எங்கம்மா இறந்த பதினாறாம் நாள் அண்ணனுக்கும் அக்காவுக்கும் வாய்ச்சண்டை. கடைசிக் காலத்துல அம்மாவை யாரு பார்த்துக்கிட்டாங்கன்னு ஆரம்பிச்சது. ஆறு வருஷம் பேசிக்கல. நான் தீபாவளிக்குப் போனா அண்ணன் வீட்டுல காலையில, அக்கா வீட்டுல சாயந்தரம். அண்ணன் வீட்டுல சாப்பிட்டா அக்கா முகம் தூக்கி வச்சுக்குவா. அக்கா வீட்டுல தங்கினா அண்ணி பேச மாட்டாங்க. ரெண்டு வருஷம் நான் போகவே இல்ல. லேப்லயே டியூட்டி போட்டுக்கிட்டேன்.

அண்ணன் மகன் சேகர். அக்கா மகள் அகிலா. மாமன் மகன், அத்தை மகள், முறை சரியா இருக்கு. ரெண்டு பேருக்கும் பிடிச்சும் இருந்தது, அதை நான்தான் முதல்ல கண்டேன். நான்தான் அண்ணன்கிட்டயும் பேசினேன், அக்காகிட்டயும் பேசினேன். லீவு போட்டு மூணு தடவை ஊருக்குப் போனேன். ரெண்டு வீடும் ஒண்ணாயிட்டா எனக்குப் பண்டிகைக்குப் போக ஒரு வீடு ஆச்சுன்னு நினைச்சேன். தப்பா? எங்க லேப் டாக்டரம்மா ஒரு வார்த்தை கேட்டாங்க, சொர்ணலதா, தினமும் இதைப் பார்த்துட்டா இந்த சம்பந்தம் பேசறீங்கன்னு. நான் கணக்குச் சொன்னேன். சொந்தத்துல கட்டின நூறு பேர்ல தொண்ணூத்தஞ்சு பேருக்கு மேல ஒண்ணும் ஆகறதில்ல. அது உண்மைங்க. எந்தப் புத்தகத்துல வேணா பாருங்க. எங்க குடும்பத்துல அதுவரைக்கும் யாருக்கும் எதுவும் இருந்ததில்ல.

இருந்திருக்கு. வெளியே தெரியல, அவ்வளவுதான். எங்கப்பாகிட்டயோ அம்மாகிட்டயோ ஒரு பழுது. ஒத்தையா இருந்தா அது ஒண்ணும் பண்ணாது, இன்னொண்ணு நல்லது இருக்கே, அது பார்த்துக்கும். அண்ணன் வழியா சேகருக்கு ஒண்ணு போயிருக்கு, அக்கா வழியா அகிலாவுக்கு ஒண்ணு. ரெண்டும் ஒரு பிள்ளைகிட்ட சேர்ந்தாத்தான் நோய்.

சேகருக்கும் அகிலாவுக்கும் ரெண்டு பெண் பிள்ளைங்க. பெரியவ ஆதிரை, சின்னவ மிருதுளா. அவங்க அப்பா கூப்பிடறதைப் பார்த்து என்னை அத்தைன்னுதான் கூப்பிடுவாங்க. மிருதுளாவுக்குக் காது குத்தும்போது மடியில உட்கார வச்சுக்கிட்டது நான்தான். இடது கட்டைவிரல் கொஞ்சம் குட்டையா இருந்தது. பார்த்தேன். இடுப்புகிட்ட காபி சிந்தின மாதிரி ஒரு மச்சம், அதையும் பார்த்தேன். லேப்ல இந்த நோய்ப் பிள்ளைங்களுக்கு வர்ற சீட்டுலயும் கட்டைவிரல், மச்சம் பத்தி எழுதியிருக்கும், தினமும் படிக்கறவதான் நான். ஆனா அன்னிக்கு வீடு நிறைய ஆளுங்க. அண்ணனும் அக்காவும் ஒரே பந்தியில உட்கார்ந்து சாப்பிடறாங்க. எனக்குத் தோணவே இல்ல. சத்தியமாத் தோணல.

மிருதுளாவுக்கு ஏழு வயசுல முட்டியெல்லாம் நீலம் நீலமா வந்தது. விழாமயே வந்தது. ராஜபாளையத்துல பார்த்து, மதுரையில பார்த்து, ரத்தம் ஊறலைன்னு சொல்லி எங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. அங்க பெரிய டாக்டர் சாதாரண ரத்தக்குறைன்னு விடாம எங்களுக்கு எழுதி அனுப்பினார். குப்பியில பேரைப் பார்த்தேன். சொந்தக்காரங்களோடதை வேற ஆள்கிட்ட கொடுக்கணும்னு விதி இருக்கு. நான் கொடுக்கல. என்னைவிட நல்லா எண்ணற ஆள் அங்க இல்ல. அந்தப் பிள்ளைக்கு நல்லது நடக்கணும்னுதான் நான் வச்சுக்கிட்டேன்.

ஐம்பது செல்லுல நாற்பத்துநாலு உடைஞ்சு கிடந்தது. மூணு தடவை எண்ணினேன்.

அது தெரியாம, சாதாரண ரத்தக்குறைன்னு நினைச்சு எலும்பு மஜ்ஜை மாத்தப் போயிருந்தா, அதுக்கு முன்னாடி கொடுக்கற மருந்து இருக்கே, அதை முழு அளவு கொடுத்திருப்பாங்க. இந்தப் பிள்ளைங்க உடம்பு அதைத் தாங்காது. போயிரும். நான் எண்ணிச் சொன்னதாலதான் அளவைக் குறைச்சாங்க. நீ எண்ணினதாலதான் பிள்ளை பிழைச்சுதுன்னு இன்னிவரைக்கும் அந்த வீட்டுல ஒருத்தர் வாயிலருந்து ஒரு வார்த்தை வந்ததில்லைங்க.

மஜ்ஜை கொடுக்கக் கூடப் பிறந்தவங்களைத்தான் முதல்ல பார்ப்பாங்க. ஆதிரைக்கு அப்ப பதினொரு வயசு. நல்லா இருந்தா. ஓடுவா, கபடி விளையாடுவா. தங்கச்சிக்கு அவதான் கொடுக்கப் போறான்னு வீட்டுல எல்லாருக்கும் ஒரு தெம்பு. அவளுக்கும் பெருமை. ஊர்லருந்து வந்து ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்தாங்க. கொடுக்கறவங்களையும் எண்ணிப் பார்க்கணும். அது எங்க வழக்கம். வெளியே நல்லா இருக்கற பிள்ளைகிட்டயும் இருக்கலாம்.

இருந்தது. ஐம்பதுல நாற்பத்தொண்ணு.

இதை டாக்டர் கூப்பிட்டுச் சொல்லணும், முறை அதுதான். ஆனா அவரு அடுத்த நாள்தான் வருவார். அதுவரைக்கும் அவங்க தப்பான நம்பிக்கையில இருக்கணுமான்னு நினைச்சேன். நான் அவங்க மனுஷி இல்லையா? சாப்பாட்டு நேரத்துல லேப் கோட்டைக்கூடக் கழட்டாம அவங்க ரூமுக்குப் போனேன். அகிலா குக்கரை இறக்கிக்கிட்டிருந்தா. ஆதிரை தரையில கவுந்து படுத்துக்கிட்டு ஏதோ வரைஞ்சுக்கிட்டிருந்தா. நான் வாசல்ல நின்னபடியே சொன்னேன். அகிலா, பெரியவளுக்கும் அதேதான், ஐம்பதுல நாற்பத்தொண்ணு, அவ கொடுக்க முடியாது, வேற ஆள் பாருங்கன்னு.

ஆதிரை தலையைத் தூக்கி, “எனக்கா?”ன்னு கேட்டா.

“ஆமாடா, உனக்குத்தான்”னு சொன்னேன். பிள்ளைகிட்ட பொய் சொல்லக் கூடாது இல்லீங்களா?

அகிலா குக்கரைக் கீழே வைக்காம அப்படியே நின்னா. நான் ரெண்டு மணிக்கு ஒரு கல்ச்சரை நிறுத்தணும். நேரம் தப்பினா அது வேற ஏதோ பிள்ளையோட ரத்தம், வீணாயிரும், திரும்பக் குத்த வேண்டியிருக்கும். அதனால நான் கிளம்பிட்டேன். சாயந்தரம் வரேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். சாயந்தரம் போறதுக்குள்ள அகிலா போன் பண்ணிட்டா. அழுவான்னு நினைச்சேன். அழல. மெதுவாத்தான் பேசினா.

“இனிமே எங்க வீட்டை எண்ணாதீங்க சித்தி”ன்னா.

அவ்வளவுதான். அதுக்கப்புறம் என்கிட்ட பேசல. என்ன கோபம்னு இன்னிக்கும் எனக்கு விளங்கல. நானா உடைச்சேன்? நான் பார்த்துச் சொன்னேன். வேற எவளோ எண்ணிச் சொல்லியிருந்தா அவ மேல கோபப்பட்டிருப்பாளா? என் சினேகிதி ஒருத்தி, எங்க லேப்லதான், சொன்னா, கோபம் கல்யாணத்தைப் பேசி முடிச்சதுக்காக இருக்கும்னு. அதுவும் இல்ல. அகிலா அப்படிப்பட்டவ இல்ல.

அப்புறம் சொந்தத்துல எல்லாரோட ரத்தத்தையும் பார்த்தாங்க. அண்ணன், அக்கா, சேகர், அகிலா, யாருக்கும் முழுசாப் பொருந்தல. என்னை யாரும் கேக்கல. கடைசியில அண்ணன்தான் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டார். நான் அன்னிக்கே ரத்தம் கொடுத்தேன். பத்துக்குப் பத்து பொருந்துச்சு. டாக்டரே ஆச்சரியப்பட்டார். சாதாரணமா அத்தை முறைக்காரிக்குப் பொருந்தாது, எங்க குடும்பத்துல உள்ளுக்குள்ளயே கட்டினதாலதான் பொருந்துச்சு. இதை யாராவது நினைச்சுப் பார்த்தாங்களா? அந்தக் கல்யாணம் நடக்கலைன்னா என்னோடது பொருந்தியிருக்காது.

நீங்க என்ன அப்படிப் பார்க்கறீங்க? சரி. அந்தக் கல்யாணம் நடக்கலைன்னா மிருதுளாவே இல்ல. அதுவும் தெரியும்.

என்னோடதை எண்ணினது என் ஜூனியர். சுத்தமா இருந்தது. இடுப்பெலும்புல குத்தி எடுத்தாங்க. மயக்க மருந்து கொடுத்துத்தான். ரெண்டு நாள் படுக்கையில இருந்தேன். சேகர் இளநி வாங்கிட்டு வந்து, கையில பிடிச்சுக்கிட்டே கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போனான். அகிலா வரல. மாடியில கண்ணாடி ரூம்ல பிள்ளை, அவ விட்டுட்டு வர முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு தடவை வந்திருக்கலாம். நான் தூங்கிட்டிருந்தப்ப ஒல்லியா ஒரு அம்மா கதவுகிட்ட ரொம்ப நேரம் நின்னுட்டுப் போனாங்கன்னு நர்ஸ் சொன்னா. பக்கத்துப் படுக்கைக்கு வந்தவங்களா இருக்கும். அகிலாவா இருந்தா உள்ள வந்திருப்பா இல்ல?

வீட்டுக்கு வந்தப்புறம் ஒரு வாரம் குனிய முடியல. மாடிப்படி ஏற முடியல. பால்காரரைக் கீழ்வீட்டுல கொடுக்கச் சொல்லிட்டேன். அந்த ஒரு வாரமும் நான் ஒருத்தர்கிட்டயும் பேசலைங்க. வேணும்னு இல்ல. பேச வேண்டி வரல.

மிருதுளாவுக்குப் பிடிச்சுக்கிச்சு. என்னோடது அவ எலும்புக்குள்ள போய் இடம் பிடிச்சு ஊற ஆரம்பிச்சது. நூறாம் நாள் ரத்தம் எடுத்து எங்க லேபுக்கு அனுப்பினாங்க. நான் விதிப்படி ஜூனியர்கிட்ட கொடுத்துட்டேன். அவ எண்ணி எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போனதுக்கப்புறம் அந்தக் கண்ணாடியை எடுத்து வச்சேன். ஒரு செல், ரெண்டு செல், எதுலயும் உடைசல் இல்ல. ஐம்பதோட நிறுத்தணும், நிறுத்தல. கண்ணாடியில இருந்த அத்தனையும் பார்த்தேன். எல்லாம் முழுசு. எல்லாம் என்னோடது. மிருதுளா, பெண், வயசு எட்டுன்னு மேல எழுதியிருக்கு, கீழே பூரா நான். அந்தப் பிள்ளையோட தோலு, வாயி, தொண்டை எல்லாம் இன்னும் பழையபடிதான், அதை ஆயுசு பூரா பார்த்துக்கிட்டே இருக்கணும். ரத்தம் மட்டும் என்னோடது. இருபத்தொன்பது வருஷத்துல மைக்ராஸ்கோப்பு முன்னாடி நான் அழுதது அன்னிக்கு ஒரு நாள்தான்.

அகிலாகிட்ட சொல்லணும்னு போனைக் கையில எடுத்துட்டேன். எண்ணாதீங்கன்னு சொல்லியிருக்காளே, சொல்லல. டாக்டர் சொல்லிக்கட்டும்னு விட்டுட்டேன். அவங்களா கூப்பிடுவாங்கன்னு பார்த்தேன். அண்ணன் கூப்பிட்டுச் சொன்னார். பொங்கலுக்கு வாம்மான்னார். பின்னாடி அகிலா குரல் கேட்டது. வேற யாரோடவோ பேசிட்டிருந்தா. நான் டியூட்டி இருக்குன்னு சொல்லிட்டேன். அந்தப் பொங்கல், அடுத்த பொங்கல். நாலு வருஷம் ஆச்சு.

ஆதிரைக்கு இப்ப பதினஞ்சு. இந்த வருஷம் அவளுக்கும் ஊறறது குறைய ஆரம்பிச்சிருச்சு. அண்ணன் வழியாத்தான் தெரியும். மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. நேத்து மத்தியானம் நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வச்சிருக்கேன், போன் வருது. அகிலா. பேரைப் பார்த்ததும் எடுக்கத் தெரியல எனக்கு. நின்னு போச்சு. திரும்ப வந்தது.

எடுத்ததும் நான் ஆதிரைக்கு ரத்தத் தட்டணுக்கள் எவ்வளவுன்னு கேட்டேன். சரி, எதுக்குக் கூப்பிடறான்னு எனக்குப் புரிஞ்சுது. நானே சொல்லிட்டேன். ஆதிரைக்கு நான் பாதிதான் பொருந்துவேன், ஆனா இப்பல்லாம் பாதி பொருந்தினாலே பண்றாங்க, எனக்கு ஐம்பத்தெட்டு ஆச்சு, அது ஒண்ணும் பெரிய தடை இல்ல, ரத்தம் கொடுக்க எப்ப வரணும்னு சொல்லு, இன்னிக்கே ரயில் ஏறறேன்னு.

“அதுக்குக் கூப்பிடல சித்தி”ன்னா.

ஆதிரை என்னைக் கேக்கறாளாம். ரூமுக்குள்ள வர்றவங்க எல்லாரும் சிரிச்ச முகத்தோட வந்து, ஒண்ணும் இல்லடா, சீக்கிரம் வீட்டுக்குப் போயிரலாம்னு சொல்றாங்களாம். அவளுக்கு அது பிடிக்கலையாம். அத்தை அப்படிச் சொல்ல மாட்டாங்க, அவங்களை வரச் சொல்லுங்கன்னு ரெண்டு நாளா ஒரே பிடிவாதமாம். அகிலா இதை ஒவ்வொரு வார்த்தையா, நிறுத்தி நிறுத்திச் சொன்னா. நாலு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததையும் சொன்னா, அன்னிக்கு நீங்க போனதுக்கப்புறம் அவ என்கிட்ட ஒண்ணுமே கேக்கல சித்தி, வரைஞ்சுக்கிட்டிருந்ததை மடிச்சு வச்சுட்டா, அதோட அவ வரையறதே இல்லைன்னு. எனக்கு இது தெரியாது. யாரும் சொல்லல. நான் சாயந்தரம் வரேன்னு சொல்லிட்டுத்தானே போனேன். ஆனா போகல. அகிலா போன்ல அப்படிச் சொன்னதும், போக வேண்டாம்னு விட்டுட்டேன். போயிருக்கலாம்.

நான் உடனே, அவளோட பழைய ரிப்போர்ட் என்கிட்ட இருக்கு, எடுத்துட்டு வரேன், கேட்டா விளக்கிச் சொல்றேன்னேன்.

“எதையும் எடுத்துட்டு வராதீங்க. எண்ணிக்கை எதுவும் சொல்லாதீங்க. அவளா கேட்டா சொல்லுங்க. இல்லைன்னா சும்மா அவ பக்கத்துல உட்காருங்க, போதும்”னா.

எவ்வளவு நேரம் உட்காரணும்னு கேட்டேன்.

கிண்டலுக்குக் கேக்கலைங்க. எனக்கு நிஜமாவே தெரியல. ஒரு பிள்ளை பக்கத்துல நான் அப்படி உட்கார்ந்ததே இல்ல.

அகிலா பதில் சொல்லல. போனை வைக்கவும் இல்ல. அவ மூச்சு விடற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தது. அவ பக்கத்துல மெஷின் ஏதோ ஒண்ணு விட்டு விட்டுக் கூவிச்சு, யாரோ செருப்புச் சத்தத்தோட வந்துட்டுப் போனாங்க. ரெண்டு மணி ஆயிருச்சு, எடுக்க வேண்டிய கல்ச்சர் இருந்தது. ஜூனியர் வந்து எட்டிப் பார்த்தா. நீ எடுன்னு கையைக் காட்டினேன். அகிலா வைக்கல. நானும் வைக்கல.